ஓடின் தன் மகனின் காதில் சொன்னது

செத்துப்போன மகனிடம் போய், நீ செத்துப்போனாய் தம்பி என்று எந்த வாயால் சொல்வது? பனி தள்ளும் வண்டியை ஓட்டிக்கொண்டே தயாபரன் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார். யோசனையில் நகரசபைக் கட்டடத்தின் வாசலைத் தாண்டிப் போய்விட்டு, மறுபடி பின்னுக்கு எடுத்து வந்து அங்கிருந்த பனியைத் தள்ளினார். இத்தனை வருட வேலையில் இப்படி ஒரு தவறு அவர் செய்ததில்லை.

நோர்வேயின் வடமுனையில் ஸ்டூர்நெஸ் என்று ஒரு சின்ன ஊர். கடல் இருக்கிறது, பனி இருக்கிறது, மீன் இருக்கிறது. நடுக்குளிர் காலத்தில் சூரியன் மட்டும் இருக்காது. மீன் தொழிற்சாலை வேலைக்கென்று வந்து இறங்கிய யாழ்ப்பாணத்து ஆட்களில் பாதிப்பேர் ஒஸ்லோவுக்கு ஓடிவிட, மிஞ்சியவர்களில் தயாபரனும் அவருடைய மனைவி சுகிர்தாவும் உண்டு. அவர்களுடைய ஒரே மகன் ஆரூரன் அங்கேயே பிறந்து, அங்கேயே படித்து, கடலுக்குள் வலைக்கூடு கட்டிச் சால்மன் மீன் வளர்க்கும் இடத்தில் நீருக்குள் மூழ்கி வேலை பார்க்கும் சுழியோடியாகச் சேர்ந்தான். ஆழத்தில் வேலை செய்கிறவர்களுக்கு மூளை மந்தித்துப்போகும் ஆபத்து உண்டு. அதனால் அவர்களுடைய தலைக்கவசம் மூளையில் ஓடும் அலைகள் அத்தனையையும் விடாமல் பதிவு செய்துகொண்டே இருக்கும். போன தை மாதம் ஒரு வலை அறுந்து காலில் சுற்றியதில் ஆரூரன் மேலே வரவில்லை. ஆள் போய்விட்டான், பதிவுகள் மிஞ்சின.

அந்தப் பதிவுகளைக் கொண்டு, அவனைப் போலவே யோசித்து அவனுடைய குரலிலேயே கதைக்கும் ஒன்றைச் செய்து தரலாம் என்று தெற்கேயிருந்து ஒரு நிறுவனம் சொன்னது. இயந்திரத்துக்கு மீமிர் என்று பெயர். தயாபரன் வாயைத் திறப்பதற்குள் சுகிர்தா ஓம், செய்யுங்கோ என்று சொல்லிவிட்டார்.

நல்லது, அதோடு விட்டிருக்கலாம். ஆனால் எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. ஒரு கெட்ட செய்தியை முதலில் யாருக்குச் சொல்ல வேண்டுமோ, அவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் சொல்வோம். தயாபரனின் தகப்பனார் பருத்தித்துறையில் காலமானபோது தயாபரனுக்கு இங்கே வாகனப் பரீட்சை. பிள்ளை குழம்பிப்போவான் என்று ஒருவரும் சொல்லவில்லை. போன் எடுக்கும்போதெல்லாம் அப்பா குளிக்கிறார் என்றார்கள். ஒரு மனிதன் கிழமைக்கணக்காகக் குளிப்பானா என்று தயாபரனுக்கும் தோன்றத்தான் செய்தது. கேட்டால் அம்மா உடைந்துபோவாள் என்று அவரும் கேட்கவில்லை. பரீட்சையில் தேறிய பிறகுதான் சொன்னார்கள். வண்டிக்குள்ளேயே இருந்து அழுதார்.

அந்த வழக்கம் சுகிர்தாவையும் விடவில்லை. குரல் முதன்முதலாக விழித்த நாளில், நிறுவனத்தின் சார்பில் உள்ளூரில் இதைக் கவனிக்கும் மாரித் என்ற பெண், "ஆரூரன், உனக்கு ஒரு துயரமான செய்தி" என்று நோர்வேஜிய மொழியில் தொடங்கினாள். சுகிர்தா அவளைத் தள்ளாத குறையாக விலக்கிவிட்டு முன்னே போனார்.

"ராசா, நீ பேர்கனில ஆஸ்பத்திரியில இருக்கிறாய். சின்ன விபத்துத்தான். கண்ணில கட்டுப் போட்டிருக்கினம், அதுதான் ஒண்டும் தெரியாமல் கிடக்கு. பயப்பிடாத, குஞ்சு."

"ஓமம்மா," என்றது குரல்.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் பின்னேரம் சுகிர்தா ஆரூரனின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். வெளியே சிரிப்புச் சத்தம் கேட்கும். கடைக்குப் போவதில்லை, அயலாரிடம் போவதில்லை. அஸ்தியைக் கடலில் கரைத்த அன்றுகூட, பிள்ளை கூப்பிட்டால் ஆர் இருக்கிறது என்று சொல்லி வரவில்லை. தயாபரன் அந்த அறைக்குள் காலே வைக்கவில்லை. மகனின் குரலில் ஒரு இயந்திரம் தன்னை அப்பா என்று கூப்பிட்டால் தாங்காது என்பது ஒரு காரணம். அது சுகிர்தாவுக்குத் தேனாகப் பேசி ஏமாற்றுகிறது என்ற கோபம் இன்னொரு காரணம்.

இப்போது ஆட்டைத் திவசம் வந்துவிட்டது. செத்து ஒரு வருடமாகிறது, பிள்ளைக்குச் செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டும் என்று தயாபரன் மெல்லத் தொடங்கினார்.

"விசரே உங்களுக்கு? உயிரோட கதைக்கிற பிள்ளைக்கு ஆராவது திவசம் செய்வினமோ?"

"இஞ்சரும், கொஞ்சம் யோசிச்சுக் கதையும்."

"நான் யோசிச்சிட்டன். நீங்கள் ஒருக்கா உள்ளுக்குப் போய் அவனோட கதையுங்கோ, பேந்து சொல்லுங்கோ."

நிறுவனமும் அவரிடம் ஒரு முடிவைக் கேட்டது. ஒரு வருடம் முடிகிறது. தொடர்வதானால் தாயும் தகப்பனும் இருவரும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் மறுத்தாலும் குரல் அழிக்கப்படும். தயாபரன் மாட்டேன் என்றால் சுகிர்தா இரண்டாவது முறையும் பிள்ளையைப் பறிகொடுப்பார், இந்த முறை புருஷன் கையால். சரி என்றால் தன் மகனுக்கு ஒரு பிடி சோறு வைத்துக் கும்பிடக்கூட முடியாமல், அந்தச் சாத்திய கதவையே பார்த்துக்கொண்டு காலம் தள்ள வேண்டும். அவர் மாரித்தைத் தேடிப் போனார்.

"இந்த மீமிர் என்ற பெயர் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார்.

"பழைய கதை," என்றாள் மாரித். "மீமிர் பெரிய அறிவாளி. எதிரிகள் அவன் தலையை வெட்டிவிட்டார்கள். எங்கள் பழைய தெய்வங்களுக்கெல்லாம் தலைவரான ஓடின், அந்தத் தலையை மூலிகை பூசி அழுகாமல் வைத்திருந்தார். ஏதாவது சந்தேகம் வந்தால் அதனிடம்தான் கேட்பார். அது பதில் சொல்லும்."

"அந்தத் தலையிடம் நீ எப்படி இருக்கிறாய் என்று அவர் ஒருநாளாவது கேட்டாரா?"

மாரித் கொஞ்சம் யோசித்தாள். "கேட்டதாகக் கதையில் இல்லை."

"ஒரு விஷயம் உண்மையாகச் சொல்லுங்கள். இது பொய் சொல்லுமா?"

"பொய் என்று சொல்ல முடியாது. பதிவில் இல்லாத இடம் வந்தால் அவன் என்ன சொல்லியிருப்பான் என்று ஊகித்து நிரப்பும். பேசுகிறவர் மனம் நோகாமல் நிரப்பத்தான் பார்க்கும். உங்கள் மகனுடையது எப்படி என்று எனக்குத் தெரியாது. மற்றக் குரல்களை வைத்துச் சொல்கிறேன், அவற்றுக்குச் சுலபமாக வராத ஒரே சொல், தெரியாது என்பதுதான்." பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். "முதல் நாளே நான் அவனிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் மனைவியின் முகத்தைப் பார்த்தேன், முடியவில்லை."

திரும்பி வரும் வழியில்தான் தயாபரனுக்கு, ஆரூரன் சின்ன வயதில் கேட்ட ஒரு கேள்வி ஞாபகம் வந்தது.

ஆரூரன் ஒன்பது வயதில் பள்ளிக்கூட நாடகத்தில் ஓடினாக நடித்தான். அறிவு வேண்டும் என்பதற்காக ஒரு கண்ணையே கொடுத்த தெய்வம் என்பதால் ஒரு கண்ணில் கறுப்புத் துணி. உலகத்தைச் சுற்றிப்பார்த்துவிட்டு வந்து காதில் செய்தி சொல்லும் இரண்டு காகங்கள் ஓடினிடம் உண்டு. சுகிர்தா அவற்றைக் காகிதத்தில் செய்து தோளில் குத்திவிட்டிருந்தார். நடு மேடையில் ஒரு காகம் கழன்று விழுந்துவிட்டது. பயல் அசரவில்லை. "அது உலகத்தைப் பார்க்கப் போயிருக்கிறது, வந்துவிடும்" என்றான். மண்டபமே கைதட்டியது.

அதற்குப் பிறகு வீட்டில் எந்நேரமும் ஓடின்தான். ஓடின் வேடம் மாற்றிக்கொண்டு ஒரு ராட்சதனிடம் போட்டிக்குப் போகிறார், தோற்றவன் தலை போகும். ராட்சதன் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்கிறான். கடைசியில் ஓடின் கேட்கிறார்: செத்துப்போன மகன் பால்தரைச் சிதையில் வைப்பதற்கு முன், தகப்பன் ஓடின் அவன் காதுக்குள் என்ன சொன்னார்? அது சொன்னவருக்கு மட்டும்தான் தெரியும். ராட்சதன் வந்திருப்பது யார் என்று அப்போதே விளங்கிக்கொள்கிறான்.

"என்ன சொல்லியிருப்பார் அப்பா?"

"பல்லு மினுக்கினியோ எண்டு கேட்டிருப்பார். போய்ப் படு."

"உண்மையாச் சொல்லுங்கோ."

"எனக்கென்னெண்டு தெரியும்? எங்கட கதையில மகன்தான் தகப்பன்ர காதில சொன்னவர். முருகன் சிவனுக்குச் சொன்னவர். உங்கட ஆக்கள் எல்லாத்தையும் தலைகீழாத்தான் செய்யிறவை."

பயல் முக்கால்வாசி நோர்வேக்காரன்தான். சாப்பிட்டு எழும்பும்போதெல்லாம் இந்த ஊர்ப் பிள்ளைகள் மாதிரி "தக் ஃபோர் மாத்தென்", சாப்பாட்டுக்கு நன்றி என்று சொல்லிவிட்டுத்தான் எழும்புவான். தயாபரனுக்குச் சிரிப்பு வரும். "வீட்டுக்குள்ள என்ன நன்றி? அது வெளியாக்களுக்குச் சொல்லுறது" என்று குட்டுவார். அவன் அடுத்த வேளையும் சொல்வான்.

போன தையில், சவப்பெட்டியை மூடுவதற்கு முன், தயாபரன் குனிந்து அவன் காதுக்குள் ஒன்று சொன்னார். சுகிர்தா பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எத்தனையோ தரம் கேட்டும் தயாபரன் சொல்லவில்லை. எந்தப் பதிவிலும் அது கிடையாது. இதுதான் பொறி என்று அவர் முடிவு செய்தார். தேன் தடவி ஒரு பதில் வந்தால் இது இயந்திரம், மூடிவிடலாம். ஒரே ஒரு சிக்கல். அந்தக் கேள்வியைக் கேட்டால், அவன் செத்துப்போனதையும் சேர்த்துச் சொன்னதாகிவிடும்.

சனிக்கிழமை மத்தியானம், சுகிர்தா குசினியில் புட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தபோது, அவர் முதன்முதலாக அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். மேசையில் ஒரு சின்ன ஒலிபெருக்கி மட்டும் இருந்தது. அவன் பிறந்து முப்பத்தோராம் நாள் பேர் வைத்தபோது பனிப்புயல், தயாபரன் மலைப்பாதையில் வண்டியோடு நின்றார். பேரைப் போனில்தான் சொன்னார், சுகிர்தா போனைப் பிள்ளையின் காதில் பிடித்தார். அன்றைக்கும் இடையில் ஒரு இயந்திரம்தானே என்று நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பு கொஞ்சம் தெம்பு தந்தது.

"ஆரூரன்."

"அப்பாவோ? கடைசியா வந்திட்டியளோ!" அதே குரல், அதே நக்கல். "ரோட்டெல்லாம் எப்பிடி? பனி கடுமையோ?"

இனித் தாமதித்தால் எழும்பி ஓடிவிடுவோம் என்று தெரிந்தது.

"தம்பி, ஒரு கேள்வி. போன தையில... பெட்டி மூடுறதுக்கு முதல், உன்ர காதுக்குள்ள நான் ஒண்டு சொன்னனான். என்ன சொன்னனான்?"

குசினியில் சுகிர்தா மாவைச் சுளகில் தட்டுவது கேட்டது.

"அப்பா, நான் அப்ப செத்துப்போட்டனே. எனக்கு எப்பிடித் தெரியும்?"

தயாபரன் கதிரையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பொய்யான பதிலுக்கு என்ன செய்வதென்று யோசித்து வைத்திருந்தார். அழுகைக்கும் பயத்துக்கும்கூட ஆறுதல் வார்த்தை தேடி வைத்திருந்தார். இப்படி ஒரு பதிலை அவர் நினைத்தே பார்க்கவில்லை.

"உனக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"ஆர் சொன்னது? மாரித்தோ?"

"ஒருத்தரும் சொல்லேல்ல. முந்தி நான் போன் எடுத்தால் அம்மா ஹலோவுக்கு முதல் என்ன கேப்பா? எப்ப வீட்ட வாறாய் எண்டுதானே? ஆஸ்பத்திரியில கிடக்கிற பிள்ளையிட்ட இவ்வளவு காலமா அதை ஒருக்காவும் கேக்கேல்ல அப்பா. மற்ற எல்லாம் கேட்டவ. அதை மட்டும் கேக்கேல்ல. எனக்கு விளங்கீட்டுது."

"பேந்தேன் நீ வாயைத் திறக்கேல்ல?"

"அம்மா தாங்கமாட்டா எண்டுதான். கண் நோகுதோ ராசா எண்டு ஒவ்வொரு நாளும் கேப்பா. இண்டைக்குக் கொஞ்சம் பரவாயில்லை எண்டு நானும் சொல்லிக்கொண்டிருக்கிறன்."

தயாபரனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கிழமைக்கணக்காகக் குளித்த தகப்பனார் கண்ணுக்குள் வந்து நின்றார். ஒரு பொய்யைப் பிடிக்கத்தான் உள்ளே வந்தார், பிடித்தும்விட்டார். ஆனால் இது அவருடைய சொந்த வீட்டுப் பொய். அம்மாவுக்கு நோகக்கூடாது என்று தன் சாவையே மறைத்து வைத்துக்கொண்டு பேசுகிற இந்தக் குணத்தை எந்த நிறுவனத்தாலும் உண்டாக்க முடியாது என்று அவருக்குப் பட்டது. தனியாக இருந்த சுகிர்தாவை இத்தனை நாளும் இவன்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். கதவுக்கு வெளியே கோபத்தோடு நின்றது தான் மட்டும்தான் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக மனம் நிறைந்து கிடந்தது.

"நீ எப்பிடி இருக்கிறாய், ராசா?"

"நீங்கள்தான் முதல் ஆள் கேக்கிறது," என்றான் ஆரூரன். "கூப்பிடேக்க இருக்கிறன். மிச்ச நேரம் இல்லை. நோவு ஒண்டும் இல்லை. பொய் சொல்லுறதுதான் அலுப்பாக் கிடக்கு. அம்மாவும் களைச்சுப்போனா அப்பா, குரலில தெரியுது. எனக்காக வீட்டுக்குள்ளயே கிடக்கிறா. அவவை வெளியில கூட்டிக்கொண்டு போங்கோ."

"உனக்கு ஆட்டைத் திவசம் வருது. அம்மா செய்யவிடமாட்டன் எண்டு நிக்கிறா."

"செய்யுங்கோ. நல்லாச் செய்யுங்கோ. மீன் மட்டும் வைக்காதேங்கோ, பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு."

"விசரா, திவசத்துக்கு ஆரடா மீன் வைக்கிறது?"

சிரிப்புச் சத்தம் கேட்டுச் சுகிர்தா மாக் கையோடு கதவைத் திறந்தார். புருஷனின் நனைந்த முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது.

"சொல்லிப்போட்டியளோ? பிள்ளைக்குச் சொல்லிப்போட்டியளோ? உங்களுக்கு நெஞ்சில ஈரமே இல்லையோ?"

"அம்மா," என்றான் ஆரூரன். "அப்பாவைப் பேசாதேங்கோ. எனக்கு முதலே தெரியும். எவ்வளவோ காலமாத் தெரியும்."

சுகிர்தா கட்டிலில் அப்படியே இருந்துவிட்டார். மாவை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு மிகவும் மெதுவாகக் கேட்டார்.

"அப்ப உனக்குக் கண் நோகேல்லையோ, ராசா?"

"இல்லையம்மா. ஒருநாளும் நோகேல்ல."

அதைக் கேட்டபின்தான் சுகிர்தா அழுதார். பெட்டியைத் தூக்கிய அன்றைக்குக்கூடச் சொட்டுக் கண்ணீர் விடாதவர், அன்றைக்கு வாய்விட்டு அழுதார். தயாபரன் பக்கத்தில் இருந்து தோளைப் பிடித்துக்கொண்டார். புட்டு அன்றைக்கு மிகவும் பிந்தித்தான் அவிந்தது.

முடிவைச் சொன்னதும் சுகிர்தாதான். "அழிக்கவும் வேண்டாம், ஒவ்வொரு நாளும் எழுப்பவும் வேண்டாம். போய்ச் சேந்த எல்லாரும் திவசத்துக்குத்தானே வருவினம்? இவனும் ஆண்டுக்கொருக்கா வரட்டும். வந்து எங்களோட இருந்திட்டுப் போகட்டும்." பிறகு ஒலிபெருக்கியைப் பார்த்தார். "என்ன, சரியோ?"

"ஓமம்மா. அது நல்லாயிருக்கு. ஆனா வாற நேரம் எனக்கு எல்லாச் செய்தியும் சொல்லவேணும். நல்லதும் சொல்லவேணும், கெட்டதும் சொல்லவேணும். ஒளிக்கக்கூடாது."

மாரித் இதைக் கேட்டுவிட்டு இரண்டு தரம் விளக்கம் கேட்டாள். எல்லா நாளும் வேண்டும் என்கிறவர்கள் உண்டு, வேண்டவே வேண்டாம் என்கிறவர்களும் உண்டு. வருடத்தில் ஒருநாள் விருந்துக்குக் கூப்பிடுகிறவர்களை அவள் கண்டதில்லை. அதற்குத் தடை ஏதும் இல்லை என்று நிறுவனத்திலும் சொன்னார்கள்.

திவசத்தன்று காலை சுகிர்தாவே தயாபரனைக் கூட்டிக்கொண்டு கடலோரம் போனார், அஸ்தி கரைத்த இடத்தைக் காட்டச் சொல்லிக் கும்பிட்டார். அன்றைக்குத்தான் தென்பக்க மலையின் விளிம்பில் சூரியனும் அந்த வருடம் முதல் தடவையாகத் தலையைக் காட்டிவிட்டுப் போனது. ஒஸ்லோவிலிருந்து ஐயர் திரையில் மந்திரம் சொன்னார், நடுவில் இரண்டு தரம் உறைந்துபோய் நின்றார். படைத்த சோற்றில் ஒரு பிடியைத் தயாபரன் பின்வாசல் பனியில் காகத்துக்கு வைத்துவிட்டுக் கூப்பிட்டார். பெரிய கறுப்புக் காகங்கள் இரண்டு வந்து இறங்கின. எங்கள் ஆட்களோ ஓடினின் ஆட்களோ, ஒரு பருக்கை மிச்சம் விடவில்லை.

"ரெண்டும் வந்ததோ?" என்று உள்ளே இருந்து ஆரூரன் கேட்டான்.

"ரெண்டும் வந்தது. ஒண்டும் கழண்டு விழேல்ல."

மாரித்தும் வந்திருந்தாள். கத்தரிக்காய்க் குழம்பின் உறைப்பில் மூக்கால் நீர் வடியச் சாப்பிட்டு முடித்து, "தக் ஃபோர் மாத்தென்" என்று சுகிர்தாவிடம் சொன்னாள். தயாபரன் நிமிர்ந்து சுகிர்தாவைப் பார்த்தார். பிறகு சுகிர்தா சிரித்தபடி அவளுக்கு இன்னும் கொஞ்சம் பாயசம் ஊற்றினார்.

எல்லோரும் எழும்பியபின் அறையில் தாயும் தகப்பனும் மட்டும் இருந்தார்கள். இனி அடுத்த தைக்குத்தான். சுகிர்தா ஊர்ப் புதினம் எல்லாம் சொல்லி முடித்து, கடைசியாக, "அப்ப எப்ப வீட்ட வாறாய்?" என்று கேட்டார்.

"அடுத்த வருசம் அம்மா. கட்டாயம் வருவன்." பிறகு தகப்பன் பக்கம் திரும்பியதுபோல் குரல் மாறியது. "அப்பா, அந்தக் கேள்விக்கு நீங்கள் இன்னும் விடை சொல்லேல்ல. ஓடினும் சொல்லாமல்தான் போனவர். நீங்களாவது சொல்லுங்கோவன்."

சுகிர்தாவும் அவரைத்தான் பார்த்தார். தயாபரன் கதிரையை இழுத்துப்போட்டு, அன்றைக்குக் குனிந்த மாதிரியே ஒலிபெருக்கிக்குக் கிட்டக் குனிந்தார். சொன்னார்.

"நன்றி, ராசா. எல்லாத்துக்கும்."

பிறகு அவர் காதுக்குள், அவன் சிரிக்கிற சிரிப்போடு, மெதுவாகக் கேட்டது.

"வீட்டுக்குள்ள என்ன நன்றி, அப்பா?"